ஒலிம்பஸ் தெய்வங்களைப் பற்றி நம் பிள்ளைகள் படிக்கலாமா?



இந்த மாதம் கேள்விப் பெட்டியில் விழுந்த சீட்டுகளில் இரண்டைச் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். முதலாவது ஒரு தாயார் எழுதியது. மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறானாம். எந்நேரமும் பெர்சி ஜாக்சன் புத்தகமும் கையுமாக இருக்கிறானாம். குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் போசைடன், ஹேடிஸ் என்று ஏதேதோ பேசுகிறானாம். அந்நிய தெய்வங்களைப் பற்றிய புத்தகத்தை ஒரு விசுவாசியின் வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது சீட்டில் பேர் இல்லை. கையெழுத்தைப் பார்த்தால் நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைதான். "கிரேக்க தெய்வங்களைப் பற்றிப் பள்ளியில் பரீட்சையே எழுதுகிறோம், வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. லீவுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பா வீட்டில் முருகன் கதை கேட்டேன் என்று சொன்னதற்கு மட்டும் ஏன் அவ்வளவு கோபம்?"

இரண்டாவதுதான் கடினமான கேள்வி. முதலாவதை முடித்துவிட்டு அதற்கு வருகிறோம்.

பெர்சி ஜாக்சன் கதைகளை எழுதிய ரிக் ரியோர்டன் டெக்சாஸில் சான் அன்டோனியோக்காரர். அங்கேயும் சான் பிரான்சிஸ்கோவிலும் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். படிப்பதற்குச் சிரமப்பட்ட தம் மகனுக்கு இரவில் சொன்ன கிரேக்கக் கதைகளிலிருந்துதான் 2005-இல் முதல் புத்தகம் பிறந்தது. அதில் ஒலிம்பஸ் மலை நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600-ஆவது மாடியில் இருக்கிறது. ஜெர்சி சிட்டியில் குடியிருக்கும் நம் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கட்டடம். பிடித்துப்போவதில் ஆச்சரியம் என்ன? கலிஃபோர்னியாவிலோ கதைப்புத்தகமே வேண்டாம். ஆறாம் வகுப்புப் பாடத்திட்டத்திலேயே பண்டைய கிரேக்கம் இருக்கிறது. நாம் வேண்டாம் என்றாலும் பிள்ளைகள் படிக்கத்தான் போகிறார்கள்.

எங்கள் பதில்: படிக்கலாம். ஆனால் "அது வெறும் கதைதானே" என்று சொல்லித் தப்பிக்க நாங்கள் விரும்பவில்லை. அந்தக் காலத்துக் கிரேக்கருக்கு அது வெறும் கதை அல்ல. அவர்களுடைய வயலும் கப்பலும் கலியாணமும் சாவும் அதில்தான் நடந்தன. அது தெரியாமல் நம் புதிய ஏற்பாட்டிலேயே பாதி நமக்கு விளங்காது.

கிரேக்கருக்கு நம்மைப்போல ஒரு வேதபுத்தகம் கிடையாது. விசுவாசப் பிரமாணமும் கிடையாது. நீ என்ன நம்புகிறாய் என்று அவர்களை யாரும் அதிகம் கேட்டதில்லை. செய்ய வேண்டியதைச் செய்தாயா என்பதே கேள்வி. குடிப்பதற்கு முன் திராட்சரசத்தில் கொஞ்சம் தரையில் ஊற்ற வேண்டும். பயணத்துக்கு முன் பலி கொடுக்க வேண்டும். பெரிய காரியம் என்றால் டெல்பிக்குப் போய் அப்பொல்லோவின் பூசாரிப்பெண்ணிடம் குறி கேட்க வேண்டும். நோயாளிகள் அஸ்கிலெப்பியு என்ற வைத்திய தெய்வத்தின் கோவிலில் இரவு படுத்து, கனவில் வரும் உத்தரவுக்காகக் காத்திருப்பார்கள். சுகமானதும் சுகமான கையையோ காதையோ காலையோ மண்ணில் செய்து காணிக்கையாக வைப்பார்கள். கொரிந்துவில் தோண்டியெடுத்த அந்த மண் கைகால்கள் இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் செய்த கைகால்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

செத்தவனுடைய வாயில் ஒரு காசு வைப்பார்கள், மறுகரைக்குக் கொண்டுபோகும் தோணிக்காரனுக்குக் கூலியாக. மறுகரையிலோ பெரிதாக ஒன்றும் இல்லை. நல்லவனும் கெட்டவனும் பெரும்பாலும் ஒரே மங்கலான இடத்தில் நிழல்களாக அலைவார்கள் என்றுதான் ஹோமருடைய கவிதைகள் காட்டுகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேண்டியிருக்கும்.

இப்போது அப்போஸ்தலர் 14-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். லீஸ்திராவில் பவுல் ஒரு சப்பாணியை நடக்கச் செய்கிறார். உடனே ஜனங்கள் பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் சொல்லி, எருதுகளையும் மாலைகளையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். யூப்பித்தர், மெர்க்கூரி என்பவை ரோமர் வைத்த பெயர்கள். கிரேக்கத்தில் அவர்கள் சேயுஸ், ஹெர்மஸ். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லும்போது "பாருங்கள், எவ்வளவு மூடர்கள்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த வட்டாரத்தில் வழங்கிய ஒரு பழங்கதை தெரிந்தால் சிரிப்பு வராது. லீஸ்திராவுக்குப் பக்கத்து நாடு பிரிகியா. அங்கே இந்த இரண்டு தெய்வங்களும் ஏழை வழிப்போக்கர்களாக வேடமிட்டு வந்து வீடு வீடாகத் தட்டினார்களாம். யாரும் கதவைத் திறக்கவில்லை. ஒரு கிழவனும் கிழவியும் மட்டும் உள்ளே அழைத்து இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள். தட்டியபோது திறக்காத ஊர் முழுக்க வெள்ளத்தில் மூழ்கியது. அந்தக் குடிசை மட்டும் தப்பியது. ரோமக் கவிஞர் ஓவிட் இதைப் பவுல் பயணம் செய்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். இப்போது லீஸ்திரா ஜனங்களைப் பாருங்கள். போன தடவை வந்தபோது விட்டுவிட்டோம், இந்தத் தடவை விடக்கூடாது என்ற பயம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். அந்நியனை உபசரிப்பது சேயுஸே காவலிருக்கும் கடமை என்பது கிரேக்கரின் நம்பிக்கை. வாசலில் நிற்கிறவன் யாராகவும் இருக்கலாம். ஆபிரகாமின் கூடாரத்தையும், விருந்தினர் வெளியே நிற்கத் தான் மட்டும் உண்ணாத நம் பாட்டிமாரையும் நினைத்துக்கொண்டால் அந்த ஜனங்கள் நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

பலி விஷயமும் அப்படித்தான். கிரேக்கர் பலியிட்ட மிருகத்தின் தொடை எலும்பையும் கொழுப்பையும் தெய்வத்துக்கு எரித்துவிட்டு இறைச்சியை மனிதர் சாப்பிட்டார்கள். ஊரில் விற்ற கறியில் எது கோவிலிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. கொரிந்துவின் அஸ்கிலெப்பியு கோவிலை ஒட்டி விருந்துண்ணும் அறைகளே இருந்தன. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் அழைப்பு அங்கேதான் வரும். போகலாமா? சாப்பிடலாமா? எடிசனில் ஓக் ட்ரீ ரோடு பக்கம் குடியிருந்து, தீபாவளிக்கு எதிர்வீட்டு ஆன்ட்டி தட்டு நிறைய இனிப்போடு வந்து நின்றபோது திண்டாடிய எவருக்கும் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை பழைய காலத்துப் பிரச்சினையாகத் தெரியாது. பவுல் அங்கே ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். பலவீனமான சகோதரன் இடறினால் வேண்டாம் என்கிறார். தெய்வத்தின் பந்தியிலே பங்காளியாவது மட்டும் கூடவே கூடாது என்கிறார். மூன்று அதிகாரம் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பிரித்துச் சொன்ன விஷயத்தை நம்மில் சிலர் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

அத்தேனேயிலும் அவர் அவசரப்படவில்லை. அப்போஸ்தலர் 17-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஊர் முழுக்க விக்கிரகங்களைக் கண்டு அவருடைய உள்ளம் கொதித்தது உண்மை. ஆனாலும் அவர் ஊரைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கல்லில் வெட்டியிருந்ததை நின்று வாசித்திருக்கிறார். பெயர் தெரியாத தேவனுக்கென்று ஒரு பலிபீடம் இருந்தது அப்படித்தான் அவர் கண்ணில் பட்டது. அந்தப் பலிபீடத்துக்குக் கிரேக்கர் சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அத்தேனேயில் கொள்ளைநோய் வந்தது. எந்தத் தெய்வத்தின் கோபம் என்று தெரியவில்லை. கிரேத்தாவிலிருந்து எப்பிமெனிதெஸ் என்ற ஞானியை வரவழைத்தார்கள். அவர் கறுப்பும் வெள்ளையுமான ஆடுகளை மார்ஸ் மேடைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அவிழ்த்துவிட்டு, ஒவ்வொரு ஆடும் எங்கே படுக்கிறதோ அங்கேயே பலியிடச் சொன்னார். அதனால்தான் ஊரில் பெயரில்லாத பலிபீடங்கள் என்று பிற்காலத்து எழுத்தாளர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

அந்த மார்ஸ் மேடையில்தான் பவுல் நிற்கிறார். இன்னொன்று கேளுங்கள். கி.மு. 458-இல் ஏஸ்கிலஸ் எழுதிய நாடகம் ஒன்றில் அந்த மேடையின் நீதிமன்றம் முதன்முதலாகக் கூடும் காட்சி வருகிறது. அங்கே அப்பொல்லோ பேசுகிறான்: ஒருமுறை செத்து இரத்தம் மண்ணில் ஊறிவிட்டால் அந்த மனிதனுக்கு மீண்டும் எழும்புதல் கிடையாது என்று. அங்கே அவன் சொல்லும் சொல் 'அனஸ்தாசிஸ்'. அதே ஊரில் அந்த நாடகத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் நடுவில், அதே மேடையில், ஐந்நூறு வருஷம் கழித்து ஒரு கூடாரம் செய்கிறவர் வந்து ஒருவருக்கு அனஸ்தாசிஸ் நடந்துவிட்டது என்கிறார்! சிலர் பரியாசம் பண்ணினார்கள் என்று லூக்கா எழுதுவதில் அதிசயமே இல்லை. சிலர் நம்பினார்களே, அதுதான் அதிசயம்.

அந்தப் பிரசங்கத்தில் பவுல் அவர்களுடைய புலவர் ஒருவரின் வரியை எடுத்துக்கொள்கிறார், நாம் அவருடைய சந்ததியார் என்ற கருத்துள்ள வரி. அது ஆராத்தஸ் நட்சத்திரங்களைப் பற்றி எழுதிய நூலின் தொடக்கத்தில் வருவது. அங்கே 'அவர்' என்பது சேயுஸ். ஆராத்தஸும் பவுலைப் போலவே சிலிசியா நாட்டுக்காரர். கெட்ட சகவாசம் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று 1 கொரிந்தியர் 15-இல் இருக்கிறதே, வாலிபர் கூட்டத்தில் பெரியவர்கள் உங்களுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டும் வசனம், அது மெனாந்தரின் நகைச்சுவை நாடகத்திலிருந்து வந்தது என்று சபையின் பழைய பிதாவாகிய ஜெரோமே சொல்லியிருக்கிறார். சினிமா வசனத்தைப் பிரசங்கத்தில் சொல்லும் போதகரைக் குறை சொல்கிறவர்கள் சற்று யோசிக்கலாம்.

வார்த்தைகளும் அவர்களுடையவைதான். சபை என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் உள்ள சொல் 'எக்லேசியா'. அது அத்தேனே குடிமக்கள் குன்றின் மேல் கூடிச் சட்டம் இயற்றிய கூட்டத்தின் பெயர். லிட்டர்ஜி என்கிறோமே, அது பணக்காரக் குடிமகன் ஊருக்காகத் தன் செலவில் ஒரு போர்க்கப்பலைப் பராமரிப்பது, நாடகக் குழுவை நடத்துவது போன்ற கடமைக்குப் பெயர். இந்தக் கிரேக்கம் அரண்மனை மொழியும் அல்ல. வளைகுடாப் பகுதியில் இருப்பவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேன்கிராஃப்ட் நூலகத்தைக் கடந்து போயிருப்பீர்கள். எகிப்தில் தெப்துனிஸ் என்ற ஊரில் 1899-1900 குளிர்காலத்தில் தோண்டியபோது முதலை மம்மிகள் கிடைத்தன. எதிர்பார்த்தது மனித மம்மி, கிடைத்தது முதலை என்ற எரிச்சலில் வேலையாள் ஒருவர் ஒன்றை உடைக்க, உள்ளே முழுக்கப் பழைய பாப்பிரஸ் தாள்! எழுதிக் கழித்த காகிதத்தை வைத்துச் சுற்றியிருந்தார்கள். அந்தத் தாள்கள் இன்று பெர்க்லியில் இருக்கின்றன: நிலக் கணக்கு, புகார் மனு, குத்தகைப் பத்திரம், கடிதம். எகிப்தில் கிடைத்த இப்படிப்பட்ட தாள்களை வாசித்த பிறகுதான் புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் ஏதோ தனிப் பரிசுத்த பாஷை அல்ல, சந்தையிலும் சமையலறையிலும் பேசிய பாஷை என்பது அறிஞர்களுக்குத் தெளிவானது.

அறிவில் அவர்கள் செய்த சாதனைகளை நீங்கள் பள்ளியிலேயே படிக்கிறீர்கள்; யூக்ளிடிடமிருந்து தப்ப வழியில்லை. எங்களுக்குப் பிடித்த இரண்டை மட்டும் சொல்கிறோம். காக்காய் வலிப்பைக் 'தெய்வ நோய்' என்று எல்லாரும் பயந்த காலத்தில், ஹிப்பாக்ரட்டஸ் மரபில் வந்த ஒரு மருத்துவர், இது மற்ற நோய்களைவிட எந்த விதத்திலும் தெய்வீகமானது அல்ல, காரணம் மூளையில் இருக்கிறது என்று கி.மு. 400 வாக்கில் எழுதினார். நம் ஊரில் இன்றும் வலிப்பு வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குப் பதில் வேறு எங்கெங்கோ கொண்டுபோகிறார்கள். சில சமயம் ஜெபவீட்டுக்கும்தான். இன்னொருவர் எரட்டோஸ்தனிஸ். சியீன் என்ற ஊரில் கோடைக்கால உச்சிவெயில் கிணற்றின் அடிவரை நேராக விழுகிறது, அதே நேரத்தில் அலெக்சந்திரியாவில் நட்ட கம்புக்கு நிழல் இருக்கிறது. அந்த நிழலின் கோணம் வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் தூரம் 5,000 ஸ்தாதியா. ஆகவே பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்தாதியா. ராக்கெட் இல்லை, சாட்டிலைட் இல்லை. கம்பும் நிழலும் பெருக்கலும் மட்டும்.

இவ்வளவு புத்தியுள்ள ஜனம்தான், சில மனிதர் பிறவியிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் எழுதியதையும் ஏற்றுக்கொண்டது. இந்த நாட்டின் தென்மாநிலங்களில் அடிமை முறைக்கு வாதாடியவர்கள் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார்கள். வேண்டாத குழந்தையை வெளியே போட்டுவிடுவது அங்கே சகஜம். ஊரின் தெய்வங்களை மதிக்கவில்லை, வாலிபரைக் கெடுக்கிறார் என்று சோக்கிரட்டீஸுக்குக் கி.மு. 399-இல் விஷம் கொடுத்ததும் அதே அத்தேனேதான். ஆகவே கும்பிடவும் வேண்டாம், குருட்டுத்தனமாகப் புகழவும் வேண்டாம்.

இப்படிப் படிப்பது விசுவாசத்தைக் கெடுக்குமா என்பதைச் சபை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 362-இல் ஜூலியன் என்ற ரோமப் பேரரசன் ஒரு கட்டளை போட்டான்: கிறிஸ்தவர்கள் பள்ளிகளில் ஹோமரையும் மற்றக் கிரேக்க நூல்களையும் கற்பிக்கக்கூடாது. கிறிஸ்தவனாக வளர்ந்து, பழைய தெய்வங்களிடம் திரும்பிப் போனவன் அவன். நம் ஆட்களைக் கிரேக்கப் படிப்பிலிருந்து பிரித்தால் சபை தானாக வாடிப்போகும் என்பது அவன் கணக்கு. அவனோடு அத்தேனேயில் படித்த கிரகோரி அந்தக் கட்டளையைக் கண்டு கொதித்து எழுதினார். கிரகோரியின் நண்பர் பசிலியு வாலிபர்களுக்கென்றே தனியாக ஒரு சிறு நூல் எழுதி, தேனீ எல்லாப் பூவிலும் ஒரேபோல உட்காருவதில்லை, உட்கார்ந்த பூவையும் முழுசாகத் தூக்கிக்கொண்டு போவதில்லை, அப்படிப் படியுங்கள் என்றார். முதல் சீட்டு எழுதிய தாயாருக்கு எங்கள் பதிலும் அதுதான். மகனோடு உட்கார்ந்து ஒரு அதிகாரம் நீங்களும் வாசியுங்கள், அம்மா. பிறகு அப்போஸ்தலர் 14-ஐ அவனை வாசிக்கச் சொல்லுங்கள். அவன் உங்களுக்கு விளக்குவான்.

இனி இரண்டாவது சீட்டு. முருகன் கதைக்கு மட்டும் ஏன் கோபம்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். சேயுஸுக்கு நம் தெருவில் கோவில் இல்லை. நம் சித்தப்பா யாரும் அவனுக்கு மொட்டை போடுவதில்லை. ஆகவே அவனால் பயம் இல்லை. முருகன் அப்படி அல்ல. நம் சபைக் குடும்பங்கள் சிலவற்றில் தாத்தா காவடி எடுத்தவர். அதை விட்டு வந்ததற்காகச் சொத்தையும் சொந்தத்தையும் இழந்தவர்கள் உண்டு. உங்கள் அப்பாவின் கோபத்துக்குள் அந்த வலி இருக்கலாம். அதைப் பொறுமையாகக் கேளுங்கள். அதே சமயம், கதை கேட்பது வேறு, படையலில் பங்கெடுப்பது வேறு என்று பவுலே பிரித்திருக்கிறார். எபேசுவில் அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். உலக அதிசயங்களில் ஒன்றான தியானாளின் கோவில் அங்கேதான். கலகம் வந்தபோது ஊர்ச் சம்பிரதியே எழுந்து, இந்த மனிதர்கள் நம் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று சாட்சி சொன்னான் (அப்போஸ்தலர் 19). பிற மதத்து அதிகாரி ஒருவன் நம்மைப் பற்றி இன்று அப்படிச் சொல்வானா?

கடலில் போனபோதும் மெலித்தா தீவிலிருந்து ரோமுக்கு அவரை ஏற்றிச் சென்ற கப்பலின் அடையாளம் மிதுனம், அதாவது சேயுஸின் இரட்டைப் புதல்வர்கள். அடுத்த நூற்றாண்டில் நம் சேரநாட்டு முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிப்போன ஒரு கப்பலின் பெயர் வியன்னாவில் உள்ள பாப்பிரஸ் பத்திரத்தில் இருக்கிறது: ஹெர்மபொல்லோன். ஹெர்மஸ், அப்பொல்லோ இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். பொன் கொண்டுவந்து மிளகு வாங்கிப்போன யவனர் என்று சங்கப் புலவர்கள் பாடியவர்கள் இந்தத் தெய்வங்களைத்தான் கும்பிட்டுக்கொண்டு நம் கரைக்கு வந்தார்கள். நம் முன்னோரும் அவர்களும் ஒருவர் கோவிலை ஒருவர் பார்த்தே வியாபாரம் செய்திருப்பார்கள்.

கிரேக்கத்தையும் தமிழையும் ஒன்றாகச் சேர்த்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். வயது 24. கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1711-இல் முடித்தார். 1715-க்குள் அது அச்சாகி வந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. ஆரம்பத்தில் அவருக்கும் வைராக்கியம் அதிகம். ஊர்ப்புறத்து ஐயனார் கோவில் ஒன்றில் மண் சிலைகள் சிலவற்றைத் தள்ளிவிட்டு, சிலவற்றின் தலையையும் உடைத்தார். பக்கத்திலிருந்த ஒரு தமிழ் ஆசிரியர் பதறவில்லை. இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் சேவகர்கள் என்று விளக்கம் சொன்னார். இதை எழுதி வைத்தவர் சீகன்பால்குவேதான். பிறகு அவர் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். உலகநீதியையும் கொன்றை வேந்தனையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். படித்த தமிழர்களுக்குக் கடிதம் எழுதி, நீங்கள் எதை நம்புகிறீர்கள், ஏன் என்று கேட்டுப் பதில் வாங்கினார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சவரலாறு என்று ஒரு பெரிய நூலை எழுதி முடித்து ஜெர்மனியில் ஹாலேவுக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த பெரியவர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர்கள் வாதம். சீகன்பால்கு 1719-இல் 36 வயதில் இறந்தார். கையெழுத்துப் பிரதி ஒன்றரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது. கடைசியில் 1867-இல் அது அச்சேறியது ஹாலேயில் அல்ல, சென்னையில்.